என் நெஞ்சில் கேட்ட மர்மர்

மயிலாப்பூர், சென்னை - 4
ஆடி 23, வெள்ளிக்கிழமை

பெருமதிப்புக்குரிய மாப்பிள்ளை தங்கப்பழம் அவர்களுக்கு,

அத்தான் சுயம்புலிங்கம் எழுதிக்கொள்வது. உடன்குடியில் நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும், கடையில் கருப்பட்டி வியாபாரம் குறைவில்லாமல் நடக்க வேண்டும் என்று திருச்செந்தூர் முருகனை வேண்டிக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். இங்கே உங்கள் அக்கா முத்துலட்சுமியும் மகள் சிந்துவும் சுகம். நான் சுகமா என்பது இந்தக் கடிதத்தின் விஷயமே ஆகையால் அதை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

என் போன் நம்பரை நீங்கள் தடுத்து வைத்திருப்பதாகச் சிந்து சொன்னாள். வாட்சப்பில் உங்கள் படம் இருந்த இடத்தில் இப்போது முகமில்லாத சாம்பல் நிற ஆள் ஒருவர் நிற்கிறார். அவரிடம் மூன்று தரம் வணக்கம் சொல்லிப் பார்த்தேன், பதில் இல்லை. தபால்காரர் யாரையும் தடுப்பதில்லை என்பதால் இருபது வருஷத்துக்குப் பிறகு பேனாவை எடுத்திருக்கிறேன்.

பத்து நாளைக்கு முன், செவ்வாய்க்கிழமை காலையில், சிந்துவின் நிச்சயதார்த்தத்துக்கு உங்கள் பக்கத்தில் எத்தனை பேர் வருகிறீர்கள் என்ற நல்ல விஷயத்தைச் சொல்ல நீங்கள் கூப்பிட்டீர்கள். அப்போது நான், எடுத்த எடுப்பில், முப்பது வருஷமாக நீங்கள் மாதாமாதம் அனுப்பிவைக்கும் கருப்பட்டியில் மண் இருக்கிறது என்று சொன்னேன். நீங்கள் ஸ்பீக்கரில் போட்டிருந்ததும், கடையில் நாலைந்து வாடிக்கையாளர்கள் நின்றதும் எனக்குத் தெரியாது. "அத்தான், நீங்களா பேசுதீய?" என்று கேட்டீர்கள். "நான் பேசல மாப்ள, என் இருதயம் பேசுது" என்றேன். நீங்கள் வைத்துவிட்டீர்கள். அதன் பிறகு உங்கள் அக்காவிடம், நிச்சயதார்த்தத்துக்கு வர மாட்டேன், தாய்மாமன் தட்டை வேறு யார் தலையிலாவது ஏற்றிக்கொள்ளுங்கள் என்று சொன்னீர்களாம். அது முழுக்க நியாயம். ஆனால் என் இருதயம் ஏன் பேசியது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

சிந்து வேலை பார்க்கும் பெருங்குடிக் கம்பெனியில், ஊழியர்களின் பெற்றோருக்கு வருஷத்துக்கு ஒரு முறை இலவச உடல் பரிசோதனை உண்டு. எனக்கு ஒன்றுமில்லை என்றேன். சும்மா வருவதை ஏன் விட வேண்டும் என்றாள் அவள். நாமும் கடை வைத்திருந்தவர்கள்தானே, அதற்கு மேல் மறுக்க முடியவில்லை. அடையாறில் ஒரு ஆஸ்பத்திரி. ரத்தம் எடுத்தார்கள், எடை பார்த்தார்கள், கடைசியில் அன்புக்கரசி என்ற டாக்டரம்மாவிடம் அனுப்பினார்கள். முப்பது வயது இருக்கும், நல்ல மரியாதையான பெண். ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்தது. எடுத்தது. மறுபடி கொஞ்சம் தள்ளி வைத்தது. என்னை முன்னால் குனியச் சொல்லி மூன்றாம் தரமும் வைத்துக் கேட்டது. மாப்பிள்ளை, முப்பத்தெட்டு வருஷம் தி.நகரில் எவர்சில்வர் பாத்திரக்கடை நடத்தியவன் நான். ஒரு குடத்தை விரல் கணுவால் ஒரு தரம் தட்டினால் போதும், கணீரென்று வந்தால் கெட்டி, டொக்கென்று வந்தால் எங்கோ ஒட்டு விட்டிருக்கிறது. ஒரே பாத்திரத்தை மூன்று தரம் தட்டிக் கேட்டால் என்ன பொருள் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

"அங்கிள், ஒரு மர்மர் கேக்குது. பயப்பட ஒண்ணுமில்ல. ஒரு எக்கோ எடுத்துப் பாத்துடலாம்" என்றது அந்தப் பெண். சீட்டில் எழுதியும் கொடுத்தது. எக்கோவுக்குப் பத்து நாள் கழித்துத்தான் இடம் இருந்தது. மர்மர் என்றால் என்ன என்று அப்போதே கேட்டிருக்கலாம். ஆனால் வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள், தவிர அந்தப் பெண் அதை "மழை வருது" என்பது போலச் சொன்னதால், எல்லாருக்கும் தெரிந்த வார்த்தை போலிருக்கிறது என்று வெட்கப்பட்டுத் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் முத்துலட்சுமி கேட்டபோது, "எல்லாம் நல்லாருக்காம், கொழுப்பு மட்டும் கொஞ்சம் இருக்காம்" என்றேன். "அது தெரிஞ்சதுதானே" என்று உள்ளே போய்விட்டாள்.

சிந்து பள்ளிக்கூடத்தில் வைத்திருந்த ஆங்கிலம்-தமிழ் அகராதி பரணில் கிடந்தது. எடுத்துத் தூசி தட்டி, கக்கூஸில் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். மர்மர்: முணுமுணுப்பு, சலசலப்பு, வாய்க்குள் குறை கூறுதல். இதில் எது என் நெஞ்சில் இருக்கிறது என்று அகராதி சொல்லவில்லை. நெஞ்சு ஏன் முணுமுணுக்க வேண்டும்? அதற்கு என்ன குறை வைத்தேன்?

எங்கள் அடுக்குமாடியில் கீழ்த்தளத்தில் ஸ்ரீரங்கன் என்று ஒரு ஆங்கிலப் பேராசிரியர் இருக்கிறார், ஓய்வு பெற்றவர். அவரிடம் போய், ஊரில் ஒரு நண்பருக்கு இப்படி ஒரு வார்த்தை வந்திருக்கிறது என்றேன். அவர் நண்பரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. முகம் மலர்ந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"பேஷான வார்த்தை ஓய். ஃப்ரெஞ்சுலேர்ந்து இங்கிலீஷுக்கு வந்தது, அதுக்கு முன்னாடி லத்தீன். லத்தீன்லயும் மர்மர்தான். மர், மர்னு ரெண்டு தடவ வரது பாரும், நம்ம சலசல, கொணகொண மாதிரி, சத்தத்தக் கேட்டுண்டே பொறந்த வார்த்தை. சம்ஸ்கிருதத்துல மர்மரம்னா காஞ்ச எல சலசலக்கற சத்தம். கிரேக்கத்துல கிட்டத்தட்ட இதே மாதிரி ஒண்ணு, தண்ணி கொதிச்சுண்டு இரையறதுக்கு."

"இலையா, தண்ணியா, எது சார்?"

"எல்லாம்தான். லத்தீன்ல இடிக்கும் அதே வார்த்தை, சிங்கம் உறுமறதுக்கும் அதே வார்த்தை. ஆனா அறுநூறு வருஷத்துக்கு முன்னாடி இங்கிலீஷ்ல மொதல்ல வந்தப்போ என்ன அர்த்தம் தெரியுமோ? அதிருப்தி. வெளில சொல்லாம வாய்க்குள்ளயே பொலம்பறது. டாக்டர்கள் இருதயத்துக்கு எடுத்துண்டதெல்லாம் நேத்திக்கு, இருநூறு வருஷம்கூட இருக்காது."

நான் எழுந்து மாடிப்படி ஏறினேன். உலர்ந்த இலை, கொதிக்கிற தண்ணீர், இடி, சிங்கம். படிக்கு ஒன்றாக நாலும் நெஞ்சுக்குள் ஏறின. இரண்டாம் மாடிக்கு வந்தபோது மூச்சு வாங்கியது. அது தினமும் வாங்குகிற மூச்சுதான், ஆனால் அன்றைக்கு அதை நான் நம்பவில்லை.

மறுநாள் ராயப்பேட்டைக்குப் போனேன். என் கடைக்கு வரும் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசிக் கொடுத்த அப்துல் சமத் பாய் அங்கே இருக்கிறார், உங்களுக்கும் தெரியும், உங்கள் கல்யாணத்துக்கு வந்தவர். வீட்டில் உருது பேசுகிறவர்கள். நான் வார்த்தையைச் சொன்னதும் பாய் சிரித்தார்.

"முர்முராவா? அது பொரி பாய். நாங்க பொரியத்தான் முர்முரான்னு சொல்வோம். அதுக்கு ஏன் அடையாறு வரைக்கும் போனீங்க?"

சொல்லி முடிப்பதற்குள் அவர் மனைவி ஜைதூன் பீ ஒரு தட்டு நிறையப் பொரியில் வெங்காயமும் பச்சைமிளகாயும் கலந்து கொண்டுவந்து வைத்துவிட்டார். என் நெஞ்சையே தட்டில் வைத்து என் முன்னால் நீட்டியது போல இருந்தது. ஒரு வாய் போட்டேன், மொறுமொறுவென்ற சத்தம் காதுக்குள் கேட்டது, அதற்கு மேல் இறங்கவில்லை. அந்த அம்மா, "ஏன் அண்ணே, நமுத்துப் போச்சா?" என்று கேட்டது. இல்லை, சத்தம் வருகிறது என்றேன். "சத்தம் வந்தா நல்ல பொரிண்ணே, சத்தம் வராட்டித்தான் தூக்கிப் போடணும்" என்றது. அதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. பச்சைமிளகாய் என்று சொல்லிச் சமாளித்தேன்.

இனிமேல்தான் உங்கள் விஷயம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை முத்துலட்சுமி கபாலீஸ்வரர் கோயிலுக்குப் போயிருந்தாள். நான் சமையலறையில் எண்ணெய் ஊற்றும் புனலை எடுத்து, அகன்ற வாயை நெஞ்சில் வைத்து, குறுகிய முனையில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி, அதன் மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். மர்மர் எந்த வகை என்று எனக்காவது தெரிய வேண்டாமா? அப்போது வீட்டு வேலை செய்கிற செண்பகம் உள்ளே வந்துவிட்டது. சைதாப்பேட்டை ஆற்றோரத்தில் இருந்து, இப்போது பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்து அனுப்பப்பட்ட பெண், அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறது.

"இன்னா நைனா பண்ணிக்கினு கீற?"

வேறு வழியில்லாமல் சொன்னேன். யாரிடமும் சொல்லாததை அதனிடம்தான் முதலில் சொன்னேன். செண்பகம் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, குழாயை வாங்கித் தன் காதில் வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டது.

"ஆமா நைனா, இன்னாமோ கொணகொணன்னு பேசிக்கினுதான் கீது. நீ எல்லாத்தயும் மன்சுலயே பூட்டி வச்சிக்கினா அது இன்னா பண்ணும்? எங்கூட்டுக்காரு கீறாரே, அவருக்கு எது புடிக்கலன்னாலும் தெருவுல நின்னு கத்திடுவாரு. அவரு நெஞ்சுல ஒரு சத்தம் கெடயாது. நீயும் வாய வுட்டு சொல்லிடு, அது அடங்கிடும்."

மாப்பிள்ளை, அகராதியும், ஸ்ரீரங்கன் சொன்ன அறுநூறு வருஷத்து அர்த்தமும், செண்பகமும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தால் ஒரு மனிதன் என்ன செய்வான்? வியாபாரத்தில் முப்பத்தெட்டு வருஷம் யார் என்ன சொன்னாலும் சிரித்துக்கொண்டே "பாருங்கம்மா, வேற டிசைன் காட்டுறேன்" என்று சொல்லிப் பழகியவன் நான். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் தங்கியதெல்லாம் உள்ளே போய் அடைந்து, இப்போது தானாகப் பேசத் தொடங்கிவிட்டது என்று முடிவு செய்தேன். எக்கோவுக்கு நாலு நாள் இருந்தது. அதற்குள் காலி செய்துவிட்டால் மெஷினுக்கு ஒன்றும் கேட்காது.

திங்கட்கிழமை ஸ்ரீரங்கனிடம் ஆரம்பித்தேன். அவர் டிவியில் போடுகிற செய்தி என் கட்டில்வரை வருகிறது, நான் எந்தச் சேனலும் பார்க்காமலே எல்லாக் கட்சியும் எனக்குத் தெரிகிறது என்று உரக்கச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "இது மர்மர் இல்லே ஓய், இது க்ளாமர். சினிமாக்காரா க்ளாமர் இல்லே, கூச்சல்னு அர்த்தம். அதுவும் லத்தீன்தான்" என்று மறுபடி நாற்காலியை இழுத்தார். அங்கிருந்து தப்பி பஸ்ஸில் ஏறி, கண்டக்டரிடம் விசிலை என் காதுக்குப் பக்கத்தில் ஊத வேண்டாம் என்று சொன்னேன். அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வந்தேன். வீட்டில் மத்தியானச் சாப்பாட்டில், இந்த ஒரு வாரமாக பொரியலிலும் குழம்பிலும் உப்பே இல்லை, ஆஸ்பத்திரிச் சாப்பாடு இதைவிட நன்றாக இருக்கும் என்று முத்துலட்சுமியிடம் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இன்னொரு கரண்டி பொரியலை என் தட்டில் வைத்தாள். நெஞ்சு லேசானது போல இருந்தது. மறுநாள் காலையில் உங்கள் போன் வந்தது.

உங்கள் அக்கா அடுப்படியிலிருந்து அதைக் கேட்டாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல், "சரி, இனி நான் சொல்லுதேன்" என்று தொடங்கினாள். காலை எட்டு மணி. கல்யாணமான மூன்றாம் நாள் நான் உங்கள் வீட்டு விருந்தில் சாப்பாட்டுத் தட்டைத் தட்டிப் பார்த்ததில் ஆரம்பித்தாள். உங்கள் கல்யாணத்தில் சீர் வரிசையில் வைத்த அண்டாவைச் சபை நடுவில் தட்டி, "ரெண்டாம் தரம்" என்று நான் சொன்னதும், அதை உங்கள் மாமனார் கேட்டதும், நீங்கள் இன்றுவரை அதை வாய்திறந்து சொல்லாததும் அப்போதுதான் எனக்குத் தெரிய வந்தது. பதினொன்றரைக்கு இரண்டாயிரத்து நாலாம் வருஷம்வரை வந்திருந்தாள். சாப்பாட்டுக்கு நிறுத்திவிட்டுத் தொடர்ந்தாள். மாப்பிள்ளை, என்னுடைய பட்டியல் மொத்தமும் ஒரு நாளில் முடிந்துவிட்டது. அவளுடையது புதன்கிழமை சாயங்காலம்வரை போயிற்று. அவ்வளவையும் வைத்துக்கொண்டு அவள் நெஞ்சு எப்படிச் சத்தமில்லாமல் இருக்கிறது என்று நான் உண்மையாகவே ஆச்சரியப்பட்டேன்.

வியாழக்கிழமை எக்கோ. தி.நகரில் பழைய பாக்கி ஒன்றைக் கேட்டு வருகிறேன் என்று பொய் சொல்லிச் செருப்பை மாட்டினேன். முத்துலட்சுமி சேலை மாற்றி, கையில் பையோடு வாசலில் நின்றாள். "நானும் அடையாறுக்குத்தான் வாரேன்" என்றாள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. ஆட்டோவில் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்த பிறகு, என்னைப் பார்க்காமல், எதிரே இருந்த தண்ணீர் கேனைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"மறுநாளே சட்டையத் தொவைக்கப் போடும்போது பையில சீட்டு கெடந்துச்சு. சிந்துகிட்ட காட்டினேன். அவ டாக்டருக்கே போன் போட்டுக் கேட்டுட்டா. பயப்பட ஒண்ணுமில்ல, எதுக்கும் உப்பக் கொறச்சுக்கோங்கன்னாங்க. அதான் கொறச்சேன்."

"பின்ன ஏன் என்கிட்ட கேக்கல?"

"நீங்க சொல்லாம வச்சிருந்தீய. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா இன்னும் பயப்படுவீயன்னு விட்டுட்டேன்."

உலகத்தில் அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாமல் இருந்தது நான் ஒருவன்தான். அவள் பையில் ஒரு டப்பாவில் இட்லியும், ஒரு மாற்றுச் சட்டையும், வெந்நீரும், விபூதிப் பொட்டலமும் இருந்தன. ஒண்ணுமில்லை என்று தெரிந்தவள் மாற்றுச் சட்டை ஏன் எடுத்துவந்தாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவாள், அவள் அழுதால் நானும்.

உள்ளே படுக்கவைத்து நெஞ்சில் குளிர்ந்த பசையைத் தடவினார்கள். எக்கோ என்றால் எதிரொலி என்று எனக்குத் தெரியும், அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எதிரொலி வர வேண்டுமென்றால் முதலில் யாராவது ஒலி கொடுக்க வேண்டும் அல்லவா? கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, மெஷினுக்கு உதவியாக இருக்கட்டும் என்று மெதுவாக "ஓ" என்றேன்.

"சார், பேசாதீங்க" என்றார் மெஷின்காரர்.

"பின்ன எக்கோ எப்படிப்பா வரும்?"

"சவுண்டு மெஷினே குடுக்கும் சார். நீங்க ஒண்ணும் குடுக்க வேணாம்."

பிறகு அவர் ஒரு பொத்தானை அமுக்கினார், என் இருதயம் வெளியே கேட்டது. இலையும் இல்லை, இடியும் இல்லை. வாஷிங் மெஷின் ஓடுவது போல வுஷ், வுஷ் என்று நிற்காமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. அறுபத்தேழு வருஷமாக இப்படித்தான் ஓடுகிறதா என்று நினைத்தபோது, அதைக் குற்றம் சொன்னதற்காக எனக்கே வெட்கமாக இருந்தது.

டாக்டர் அன்புக்கரசி படத்தைப் பார்த்துவிட்டு, "எல்லாம் நார்மல் அங்கிள். இதுக்குப் பேரு இன்னொசன்ட் மர்மர். ரத்தம் வால்வ் வழியா போறப்ப கொஞ்சம் சத்தம் வரும், குழாய்ல தண்ணி போற மாதிரி. அவ்வளவுதான்" என்றது. இந்தத் தரம் வெட்கப்படாமல் கேட்டேன்.

"இன்னொசன்ட்னா என்னம்மா?"

"ஒரு தப்பும் பண்ணாததுன்னு அர்த்தம் அங்கிள்."

"அப்ப அது என்ன குறை சொல்லுது?"

அந்தப் பெண் முத்துலட்சுமியைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது. "அது ஒண்ணும் சொல்லல அங்கிள். சும்மா ஓடுது."

எனவே மாப்பிள்ளை, உங்களிடம் அன்றைக்குப் பேசியது என் இருதயம் இல்லை. அது குற்றமற்றது என்று டாக்டர் கையெழுத்துப் போட்ட தாள் இருக்கிறது, நகல் இத்துடன் வைத்திருக்கிறேன். பேசியது நான்தான். கருப்பட்டியைப் பற்றிச் சொன்னதையும், முப்பது வருஷத்துக்கு முன் அண்டாவைப் பற்றிச் சொன்னதையும் சேர்த்து மன்னிக்க வேண்டும். அந்த அண்டா முதல் தரம்தான், எனக்கு அன்று சளி பிடித்து காது அடைத்திருந்தது. ஆவணி பன்னிரண்டாம் தேதி நிச்சயதார்த்தம். மாப்பிள்ளைப் பையன் அஸ்வத்தின் வீட்டார் சைதாப்பேட்டையிலிருந்து காலை ஒன்பதரைக்கு வருகிறார்கள். தாய்மாமன் இல்லாத சபையில் சிந்து உட்கார மாட்டேன் என்கிறாள், அவள் அம்மா நகைப்பெட்டியைத் திறக்க மாட்டேன் என்கிறாள். நீங்கள் தட்டை ஏந்தி முன்னால் நடந்தால் நான் பின்னால் தலைகுனிந்து வருகிறேன். இனி ஆயுசுக்கும் எந்த ஆங்கில வார்த்தைக்கும் அர்த்தம் தேட மாட்டேன், யாருக்கும் அர்த்தம் சொல்லவும் மாட்டேன். இந்த வைத்தியத்தால் வந்த வினை என்னோடு போகட்டும்.

தங்கச்சிக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள், நன்றாகப் படிக்கட்டும், யாருடைய நெஞ்சிலும் காதை வைக்காமல் வளரட்டும். செந்திலாண்டவர் உங்கள் குடும்பத்துக்குத் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள அத்தான்,
பா. சுயம்புலிங்கம்

பின்குறிப்பு: உறையை ஒட்டியதைப் பிரித்து இதைச் சேர்க்கிறேன். மேலே சொன்ன தேதியில் நிச்சயம் நடக்குமா என்று இப்போது தெரியவில்லை. சம்பந்திக்கும் அதே ஆஸ்பத்திரியில் பரிசோதனை செய்திருக்கிறார்கள். அவர் நெஞ்சில் ஒரு 'க்ளிக்' கேட்கிறதாம். என் இருதயம் பேசிய கதையை அஸ்வத் சொல்லிக் கேட்டு, விஷயம் தெரிந்தவன் என்று போன வாரம் எனக்கு போன் செய்து அர்த்தம் கேட்டார். அது எக்கோவுக்கு முந்தின நாள், ஆகையால் நான் அப்போது நம்பிய வைத்தியத்தை முழு விவரமாகச் சொல்லிவிட்டேன். அவர் இன்று காலை ஆரம்பித்துவிட்டாராம், பெண் வீட்டாரிலிருந்து தொடங்கியிருக்கிறார். சற்றுமுன் அஸ்வத் சிந்துவுக்குப் போன் செய்து சொன்னபடி, பெண் பார்க்க வந்த அன்று நாம் கொடுத்த கேசரியை முடித்துவிட்டு, ஜமுக்காளத்துக்கு வந்திருக்கிறார். அவர் குறைப் பட்டியலில் தாய்மாமன் முறை வர இன்னும் இரண்டு நாள் ஆகும். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே ரயில் ஏறிவிடுங்கள்.